ஆயிரம் பேர் இழுத்தா ஆயிரம் பேர் பலம் வந்துடுமா? தேரை வெச்சு ஒரு விசைக் கணக்கு

திருவாரூர் ஆழித்தேர் மரவேலை மட்டும் பாத்தா 30 அடி, மூங்கில் துணி எல்லாம் கட்டி அலங்காரம் முடிச்சு நிறுத்துறப்ப 96 அடி, எடை சுமார் 300 டன்னு சொல்றாங்க. 300 டன்னா பத்துப் பன்னெண்டு லோடு லாரியை ஒண்ணா கட்டி வெச்ச மாதிரி. பங்குனி வெயில்ல அதை ஜனங்க வடம் பிடிச்சு இழுக்கிறாங்க, அதுவும் நகருது. ஒரு ஆளு 50 கிலோ மூட்டையைத் தூக்குவார்னா 300 டன்னுக்கு 6000 பேர் வேணுமே, அத்தனை பேர் வடத்துல கை வைக்க இடம் ஏது, அப்புறம் எப்படிய்யா நகருதுன்னு யாருக்காச்சும் தோணியிருக்கும். பக்தின்னு ஒரு பதில் இருக்கு, அதுல நான் கை வைக்கல. ஃபிசிக்ஸ்ல என்ன பதில்னு மட்டும் பாப்போம், ஏன்னா பள்ளிக்கூடப் புத்தகத்துல ஒரு பெட்டியை வரைஞ்சு நாலு பக்கமும் அம்புக்குறி போட்டு "தொகுபயன் விசை காண்க"ன்னு (எல்லா விசையும் சேந்து கடைசியில மிஞ்சுறது எவ்வளவுன்னு) கேட்டுட்டுப் போயிடுவாங்க, அந்தப் பெட்டி எதுக்கு நகரணும்னே நமக்குத் தெரியாது. தேர்ல ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பின்னாடி ஒரு ஆளோ ஒரு கட்டையோ ஒரு ரோடோ இருக்கு.

முதல்ல அந்த 300 டன் எங்க போச்சுன்னு பாத்துடலாம். பூமி தேரைக் கீழ இழுக்குது, 300 டன் அளவுக்கு. ரோடு தேரை மேல தள்ளுது, அதே 300 டன் அளவுக்கு. (நியூட்டன்ல தான் சொல்லணும், ஒரு கிலோ எடைக்கு 9.8 நியூட்டன், ஆனா டன், கிலோன்னு சொன்னாத்தான் நமக்குக் கைக்கணக்கு வரும், அதனால இங்க அப்படியே ஓட்டுறேன்.) ஒண்ணு கீழ, ஒண்ணு மேல, ரெண்டும் ஒரே அளவு, கூட்டினா பூஜ்யம். மொத்த விசையிலயே பெரிய ரெண்டும் இதுதான், ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுட்டு நிக்குதுங்க. தேரைத் தூக்கணும்னா தான் 300 டன் வேணும், உருட்டுறதுக்கு வேண்டியது சக்கரம் உருள்றப்ப வர்ற தடையைத் தாண்டுற அளவு இழுவை மட்டும் தான்.

அந்தத் தடை எவ்வளவு? அது ரோட்டைப் பொறுத்தது, சக்கரத்தைப் பொறுத்தது, அச்சுல மசை போட்டிருக்கா இல்லையாங்கிறதைப் பொறுத்தது. ஒரு கணக்குக்கு எடையில 2 சதவீதம்னு வெச்சுக்குவோம், அப்ப 6 டன். ஒரு ஆளு நின்னு நிதானமா 25 கிலோ அளவுக்கு இழுப்பார்னா 240 பேர் போதும். ஆறாயிரம் எங்க, இருநூத்தி நாப்பது எங்க. ஆனா நிஜத்துல 240 பேரை மட்டும் வெச்சு ஓட்டிப் பாருங்க, ஓடாது. ஏன் ஓடாதுங்கிறதுல தான் விசைகள் எப்படிச் சேருதுங்கிற விஷயம் முழுக்க இருக்கு.

ரோடு சமமா இருக்குன்னு நாம நினைச்சுக்கிறோம். 50 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறுற சரிவு கண்ணுக்குத் தெரியாது, சைக்கிள்ல போனா லேசா மூச்சு வாங்கும், அவ்வளவு தான். ஆனா அந்தச் சரிவுல தேர் நிக்குதுன்னா பூமி இழுக்கிற 300 டன் முழுசும் ரோட்டுக்குள்ள போகாது, அதுல ஐம்பதுல ஒரு பங்கு, அதாவது 6 டன், ரோட்டோட போக்குலயே பின்னாடி இழுக்க ஆரம்பிச்சுடும். ஏற்கனவே 6 டன் தடை, இப்ப இன்னொரு 6 டன், வேண்டிய ஆளு ரெண்டு மடங்கு. அதே சரிவு இறக்கமா இருந்தா இந்த 6 டன் முன்னாடி இழுக்கும், தடையும் 6 டன், ரெண்டும் சரியாப் போச்சு, வடத்தைக் கீழ போட்டுட்டு எல்லாரும் டீ குடிக்கப் போனாலும் தேர் தன்பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கும். தேருக்கு இழுக்கிறவங்களை விட நிறுத்துறவங்க முக்கியம்னு பழைய ஆளுங்க சொல்றதுக்குக் காரணம் இதுல இருக்கு. சரிவுல ஒரு எடை எவ்வளவு இழுக்கும்னு ஒழுங்கா நிரூபிச்சவர் சைமன் ஸ்டெவின்னு ஒரு ஃப்ளெமிஷ் ஆளு (இப்போதைய பெல்ஜியம் பக்கம்), 1586-ல. முக்கோணக் கட்டை ஒண்ணு மேல குண்டுமணி மாலை மாதிரி 14 உருண்டையைக் கோத்துப் போட்டா அது தானா சுத்திக்கிட்டே இருக்குமா என்ன, இருக்காதுல்ல, அப்ப ரெண்டு சரிவுலயும் இழுவை சமமாத் தானே இருக்கணும்னு ஒரு வாதம், அதுலயே விடையை எடுத்துட்டார். கணக்கே போடாம சும்மா யோசிச்சே.

சரி, இப்ப வடத்துக்கு வருவோம். ரெண்டு வடம், ரெண்டுலயும் ஆளுக்கூட்டம் சமமா இழுக்குதுன்னு வைங்க, ஒவ்வொண்ணுலயும் 4 டன். மொத்தம் 8 டன்னு தானே சொல்வோம்? ரெண்டு வடமும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல நேரா போனா மட்டும் 8. ரெண்டுக்கும் நடுவுல 60 டிகிரி விரிஞ்சிருந்தா 6.9 டன் தான் வரும். 90 டிகிரின்னா 5.7. 120 டிகிரின்னா வெறும் 4, அதாவது ரெண்டு கூட்டம் உயிரைக் கொடுத்து இழுத்து ஒரு கூட்டத்தோட பலன் தான். 180 டிகிரி, எதிரெதிர், பூஜ்யம், அது கயிறு இழுக்கிற போட்டி. நாலும் நாலும் எட்டுங்கிற கணக்கு விசைக்கு ஓடாது, நாலும் நாலும் பூஜ்யத்துலேருந்து எட்டு வரைக்கும் எது வேணும்னாலும் ஆகலாம், எந்தப் பக்கம் பாத்து இழுக்குதுங்கிறதைப் பொறுத்து. ரெண்டு விசையையும் ரெண்டு பக்கமா வரைஞ்சு இணைகரத்தை முடிச்சா மூலைவிட்டம் தான் விடை, இதைத் தான் இணைகர விதின்னு படிச்சிருப்போம். 1687-ல நியூட்டன் தன்னோட மூணு விதியையும் எழுதி முடிச்ச கையோட அடுத்து எழுதினதே இதைத் தான், அதே வருஷம் பிரான்ஸ்ல வாரிஞோனும் தனியா இதையே சொன்னார்.

இதுல யாரும் அதிகமா பேசாத ஒரு விஷயம் இருக்கு, எனக்கு இந்தக் கணக்குலயே பிடிச்சது அதுதான். வடம் நேரா போகாம 10 டிகிரி ஒதுங்கிப் போகுதுன்னு வைங்க. முன்னாடி இழுக்கிற பலத்துல எவ்வளவு நஷ்டம்? 1.5 சதவீதம் தான், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா பக்கவாட்டுல எவ்வளவு இழுக்கும்? இழுவையில 17 சதவீதம்! 20 டிகிரி ஒதுங்கினா முன்னாடி நஷ்டம் 6 சதவீதம், பக்கவாட்டு இழுவை 34 சதவீதம். அதாவது கூட்டம் லேசா ஒரு பக்கம் ஒதுங்குறது தேரோட வேகத்துல தெரியவே தெரியாது, ஆனா தேர் எந்தப் பக்கம் போகுதுங்கிறதுல பளிச்சுன்னு தெரிஞ்சுடும். தேர் ஒழுங்கா ஓடுதேன்னு இழுக்கிறவங்க சந்தோஷமா இருப்பாங்க, அங்க சக்கரத்துக்குப் பக்கத்துல கட்டையோட ஓடுறவருக்குத் தான் தேர் கடைப்பக்கம் போகுதுன்னு தெரியும். முன்னாடி நின்னு கொடியை ஆட்டிக்கிட்டு "இந்தப் பக்கம் வாங்க, இந்தப் பக்கம் வாங்க"ன்னு தொண்டை கிழியக் கத்துறவர் சும்மா அதிகாரம் பண்ணலைங்க, அந்த 10 டிகிரியைத் தான் சரி பண்ணிக்கிட்டு இருக்கார்.

திசை சரியா இருந்தாலும் நேரம் சரியா இருக்கணும். நூறு பேர் ஆளுக்கு 25 கிலோன்னா மொத்தம் 2500 கிலோன்னு எழுதுறது, நூறு பேரும் ஒரே நொடியில இழுத்தா மட்டும் தான். மேக்ஸ் ரிங்கல்மான்னு ஒரு பிரெஞ்சு விவசாயப் பொறியாளர், ஆளுங்களைக் கயிறு இழுக்க வெச்சு அளந்து பாத்து அதை 1913-ல வெளியிட்டார். ரெண்டு பேர் சேந்து இழுத்தா ஆளுக்கு 93 சதவீதம் பலம் தான் வந்துச்சு, எட்டு பேர் இழுத்தா ஆளுக்கு 49 சதவீதம், கிட்டத்தட்ட பாதி! எட்டு பேர் சேந்து நாலு ஆளு வேலை தான் நடந்திருக்கு. இதுல ஒரு பங்கு சோம்பேறித்தனம், மீதி ஒழுங்கில்லாம இழுக்கிறது. எது எவ்வளவுன்னு பாக்க 1974-ல இன்காம்னு ஒருத்தரும் அவர் கூட இருந்தவங்களும் ஒரு தந்திரம் பண்ணாங்க, ஒருத்தர் கண்ணைக் கட்டிவிட்டு அவர் பின்னாடி ஆளுங்க இழுக்கிற மாதிரி நடிச்சாங்க, நிஜத்துல ஒருத்தரும் இழுக்கல, அப்பவும் அந்த மனுஷன் தனியா இழுக்கிறதை விடக் கம்மியாத் தான் இழுத்தார். நம்ம பின்னாடி நாலு பேர் இருக்கான்னு தெரிஞ்சா கை தானா தளந்துடுது, ஊருக்கு ஊர் மனுஷன் இப்படித் தான்.

ஆனா மீதி இருக்கே, அந்த ஒழுங்கில்லாத பங்கு, அது விசைக் கணக்கு. ஒருத்தர் இழுக்கிறப்ப இன்னொருத்தர் மூச்சு வாங்குறார், ஒருத்தர் இடப்பக்கம் சாயுறார், இன்னொருத்தர் வடத்தைத் தொட்டா புண்ணியம்னு தொட்டுக்கிட்டு மட்டும் இருக்கார். திருவாரூர்ல "ஆரூரா... தியாகேசா"ன்னு கோஷம் போட்டு இழுக்கிறாங்கல்ல, அது பக்தி தான், சந்தேகமே இல்ல, கூடவே அதுதான் அந்த ஆயிரம் பேருக்கும் கடிகாரம். கிளம்புற நேரத்துல இது ரொம்ப முக்கியம், ஏன்னா நிக்கிற தேரைக் கிளப்ப ஒரு எல்லை இருக்கு, அதைத் தாண்டினா நகரும், தாண்டலைன்னா ஒரு இன்ச்சு கூட நகராது. 10 டன் வேணும்னா 9 டன்னா ஒரு மணி நேரம் இழுத்தாலும் புண்ணியமில்ல, ஒரே ஒரு நொடி 11 டன் வந்தா போதும். மேளம் அடிச்சு கோஷம் போட்டு எல்லாரோட இழுவையும் ஒரே நொடியில உச்சத்துக்கு வர வைக்கிறது அதுக்குத் தான்.

கிளம்புறதுக்கு மட்டும் ஏன் அவ்வளவு பலம்? நாலு சக்கரத் தேர்னா ஒரு சக்கரத்து மேல 75 டன். வெயில்ல தார் இளகியிருக்கும், ராத்திரி பூரா நிக்கிற சக்கரம் கொஞ்சம் உள்ள இறங்கி உக்காந்துடும், முன்னாடி ஒரு சின்ன மேடு மாதிரி ஆயிடும். சக்கரத்தோட ஆரம் 1.2 மீட்டர்னு வெச்சுக்கிட்டு, முன்னாடி ஒரே ஒரு சென்டிமீட்டர் கெட்டியான மேடு இருந்தா அந்த ஒரு சக்கரத்தை அது மேல ஏத்த எவ்வளவு இழுவை வேணும்னு போட்டுப் பாத்தா கிட்டத்தட்ட 10 டன் வருது. ஒரு சென்டிமீட்டருக்கு! ஏன்னா சக்கரம் இப்ப ரோட்டுல நிக்கல, அந்த மேட்டோட விளிம்புல நிக்குது, ரோடு நேரா மேல தள்ளிக்கிட்டு இருந்தது போய் மேடு கொஞ்சம் பின்பக்கமா சாஞ்சு தள்ளுது. 75 டன் லேசா சாஞ்சாலே அதோட பின்பக்கப் பங்கு பத்து டன் ஆயிடும். பின்னாடி சக்கரத்துக்கு அடியில நெம்புதடியைக் கொடுத்து அது மேல ஆளுங்க ஏறி குதிக்கிறதைப் பாத்திருப்பீங்க, ஊருக்கு ஊர் அதுக்கு ஒரு பேரு, நெல்லைப் பக்கம் தடி போடுறதுன்னு சொல்லுவாங்க. வடம் இழுக்கிறவங்களால அந்த முதல் சென்டிமீட்டரைத் தாண்ட முடியாது, அங்க தடி தான் தள்ளும், அதுக்கு அப்புறம் வடம் பாத்துக்கும்.

கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு குழப்பம் வரும், ப்ளஸ் டூ படிச்சவங்களுக்கே வரும். தேர் ஒரே வேகத்துல போய்க்கிட்டு இருக்கு, இப்ப தேர் மேல மொத்த விசை எவ்வளவு? நிறைய பேர் "முன்னாடி போகுது, அதனால முன்பக்க விசை தான் அதிகம்"னு சொல்லுவாங்க. இல்லைங்க, பூஜ்யம். முன்னாடி 6 டன் இழுவை, பின்னாடி 6 டன் தடை, மேல 300, கீழ 300, எல்லாம் கூட்டினா ஒண்ணுமே இல்ல. ஓடிக்கிட்டு இருக்கிறது ஓடிக்கிட்டே இருக்க விசை தேவையில்ல, வேகத்தை மாத்தத் தான் விசை வேணும். இழுவை 6 டன்னுலேருந்து 9 டன் ஆச்சுன்னா அந்த மிச்சம் 3 டன் மட்டும் தான் வேகத்தைக் கூட்டும், அதுவும் 300 டன்னை வெச்சுப் பாத்தா அஞ்சு நொடிக்கு அப்புறம் தான் நொடிக்கு அரை மீட்டர் வேகம் கூடும், சும்மா மெதுவா நடக்கிற வேகம். இப்ப அந்த மெதுவா நடக்கிற வேகத்தைப் பத்து சென்டிமீட்டருக்குள்ள நிறுத்தணும்னு வைங்க, யாரோ ஒருத்தர் சக்கரத்து முன்னாடி விழுந்துட்டார்னா அப்படித் தானே நிறுத்தணும், அதுக்குக் கிட்டத்தட்ட 38 டன் எதிர்விசை வேணும். வேகம் கூட்ட 9 டன், நிறுத்த 38 டன். கூட்டம் பின்னாடி இழுத்து நிறுத்தலாம்னா நடக்கவே நடக்காது, வடத்தை விட்டா தேர் நிக்காது, வடத்தால தேரைத் தள்ளவும் முடியாது, கயிறு இழுக்க மட்டும் தான் தெரிஞ்ச ஜாதி.

வடம்னு சொன்னதும் இன்னொண்ணு. 2024-ல திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துல வடம் திரும்பத் திரும்ப அறுந்து போய் அன்னைக்குப் பெரிய பேச்சா இருந்துச்சு. அந்தத் தேரும் பிரம்மாண்டமானது, அதை மனுஷ பலத்துல தான் இழுக்கிறாங்க. அன்னைக்கு ஏன் அறுந்துச்சுன்னு நான் தீர்ப்பு சொல்ல வரல, பொதுவா ஒரு வடம் எப்ப அறும்னு மட்டும் சொல்றேன். வடத்துல எல்லா இடத்துலயும் ஒரே இழுவிசை இருக்காது. முன்னாடி நுனியில பிடிச்சிருக்கிறவர் இழுக்கிறது அவருக்கு முன்னாடி இருக்கிற கயிறுக்குத் தெரியாது, பின்னாடி போகப் போக ஒவ்வொரு ஆளோட இழுவையும் கூடிக்கிட்டே வந்து, தேரோட கட்டுற இடத்துல தான் மொத்தமும் விழும். ஆக, தேர்ப்பக்கக் கடைசி பத்து அடிக்குத் தான் முழு சோதனை. புது வடம் பழைய வடம்னு பாக்கிறப்ப அந்தப் பத்து அடியையும் முடிச்சையும் பாக்கணும், நுனி புத்தம் புதுசா இருந்து பிரயோஜனம் இல்ல.

அதை விட மோசமானது பக்கவாட்டுல தள்றது. விறைப்பா இருக்கிற கயித்தை நடுவுல ஒருத்தர் உடம்பால தள்ளினா என்ன ஆகும்? துணி காயப்போடுற கொடியை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஈரத்துணி ஒண்ணு போட்டா தொங்கிடும்ல, அதே விஷயம் தான். கயிறு நேரா இருக்கிற வரைக்கும் பக்கவாட்டு விசையைத் தாங்க அதுக்கு வழியே இல்ல, கொஞ்சம் வளைஞ்சா தான் அதோட இழுவிசையில ஒரு துண்டு எதிர்ப்பக்கம் திரும்பும், வளைவு ரொம்பக் கம்மியா இருந்தா அந்தத் துண்டு போதுமான அளவு வர இழுவிசை கன்னாபின்னான்னு ஏறணும். ரெண்டு முனையும் அசையாம இருக்க, நடுவுல 50 கிலோ அளவுக்குத் தள்ளி, கயிறு ரெண்டு பக்கமும் 5 டிகிரி வளைஞ்சா கயித்துக்குள்ள 287 கிலோ இழுவிசை! தள்ளினது 50, உள்ள வந்தது கிட்டத்தட்ட ஆறு மடங்கு. சேத்துல மாட்டின வண்டியைக் கயிறு போட்டு மரத்துல விறைப்பாக் கட்டி, நடுவுல பக்கவாட்டுல இழுத்து வெளிய எடுப்பாங்க, அங்க இந்த ஆறு மடங்கு நமக்கு உதவி. கூட்ட நெரிசல்ல ஐம்பது பேர் வடத்து மேல சாஞ்சா அதே ஆறு மடங்கு எதிரி. தேர் நின்னு போய் வடம் விறைச்சு நிக்கிறப்ப நடுவுல புகுந்து அந்தப் பக்கம் போறேன்னு யாரும் தள்ளக்கூடாதுன்னு போலீஸ்காரங்க விரட்டுறது நல்லதுக்குத் தான், அறுந்த வடம் திரும்பி அடிச்சா எலும்பு மிஞ்சாது.

இன்னொரு கேள்வியும் கேட்டுடுவோம், இழுக்கிறவங்களுக்குப் பலம் எங்கேருந்து வருது? கையிலேருந்துன்னு சொல்லுவோம், ஆனா காலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல உராய்வு இல்லைன்னா கையில எவ்வளவு பலம் இருந்தும் சறுக்கிட்டே தான் போவோம். ஒருத்தர் 25 கிலோ அளவுக்கு வடத்தை முன்னாடி இழுக்கிறார்னா வடம் அவரை 25 கிலோ அளவுக்குப் பின்னாடி இழுக்குது, ரோடு அவர் பாதத்தை 25 கிலோ அளவுக்கு முன்னாடி தள்ளுது. கடைசியில தேரை இழுக்கிறது ரோடு தான், மனுஷன் நடுவுல நிக்கிற தரகர். கால் சுடுதேன்னு ரோட்டுல தண்ணி அடிக்கிறது நல்ல மனசு, ஆனா வழவழன்னு இருக்கிற இடத்துல, அதுவும் நீர்மோர் சிந்தின இடத்துல, பிடிமானம் போயிடும், அந்த இடத்துல நாலு பேர் வழுக்கினா பின்னாடி வர்ற நாப்பது பேரும் நிக்கணும்.

இதுவரைக்கும் விசை எவ்வளவு, எந்தப் பக்கம்னு மட்டும் பாத்தோம். எந்த இடத்துல பிடிச்சு இழுக்கிறோங்கிறது மூணாவது விஷயம், தேர் ஓட்டுறதோட மொத்த வித்தையும் அதுல தான் இருக்கு. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது, அச்சு திரும்பாது, சக்கரம் நேரா உருளத் தான் செஞ்சது. அதைத் திருப்புறது முட்டுக்கட்டைக்காரங்க. வடம் நடுவுல முன்னாடி இழுக்குது, இப்ப இடப்பக்கச் சக்கரத்து முன்னாடி ஒரு கட்டை விழுது. மேல சொன்ன அந்த ஒரு சென்டிமீட்டர் கணக்கு தான், கட்டை கொஞ்சம் உசரம் ஏறினாலே பத்து டன், பதினஞ்சு டன் பின்பக்க விசை, அதுவும் தேரோட நடுவுல இல்ல, இடப்பக்கமா ரெண்டு மூணு மீட்டர் தள்ளி. நடுவுல முன்பக்கம் ஒரு விசை, ஓரத்துல பின்பக்கம் ஒரு விசை, ரெண்டும் ஒரே கோட்டுல இல்ல, அதனால தேர் இடப்பக்கம் சுழல ஆரம்பிக்கும். திருப்புத்திறன்னு புத்தகத்துல இருக்கிறது இதுதான், விசையையும் அது நடுக்கோட்டுலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறதையும் பெருக்கினா வரும். கட்டையைக் கொஞ்சம் சாய்வா வெச்சா இன்னும் விசேஷம், சக்கரத்தைப் பின்னாடி மட்டும் இல்லாம பக்கத்துலயும் தள்ளும், ஒரே கட்டை ரெண்டு வேலை. இந்த அளவு எவ்வளவு, எந்த நொடியில போடணும், எப்ப உருவணும்னு எந்த மீட்டரும் இல்லாம கண்ணால பாத்து 75 டன் உருண்டு வர்ற சக்கரத்துக்கு ஒரு அடி முன்னாடி கையை நீட்டி வைக்கிறாங்க. பேப்பர்ல போட்டோ வர்றது வடம் பிடிச்சுத் தொடங்கி வெச்சவங்களோடது. இழுக்கிறது ஆயிரம் பேரா இருந்தாலும் ஓட்டுறது இந்த நாலஞ்சு பேர் தான்னு நான் சொல்லுவேன்.

வீதி முனையில இது போதாது, அங்க 90 டிகிரி திரும்பணும். அச்சு திரும்பாத வண்டி திரும்பணும்னா சக்கரங்க பக்கவாட்டுல தேய்ஞ்சு நகந்தாகணும், வேற வழி இல்ல, 300 டன் எடையில அந்தத் தேய்மானத்தோட உராய்வு சாதாரணம் இல்ல. அதுக்குத் தான் திருப்பத்துல இரும்புத் தகட்டைப் போட்டு கிரீஸ் தடவுறாங்க, வடத்தைப் புது வீதிப் பக்கம் திருப்பிப் பிடிக்கிறாங்க. இங்க பாருங்க, அதே உராய்வு காலுக்கடியில வேணும், சக்கரத்துக்கடியில வேணாம். ஒரு திருப்பத்துக்கு மணிக்கணக்கா ஆகுதேன்னு சலிச்சுக்கிறவங்க இந்த ஒரு முனையில எத்தனை விசையோட திசை மாறுதுன்னு எண்ணிப் பாக்கலாம்.

இப்பல்லாம் திருவாரூர்ல பின்னாடி புல்டோசர் தள்ளுது, திருச்சி பெல் நிறுவனம் செஞ்சு கொடுத்த இரும்பு அச்சும் சக்கரமும் இருக்கு, ஹைட்ராலிக் பிரேக்கும் இருக்கு. "அப்ப எதுக்குய்யா வடம்"னு கிண்டல் பண்றவங்களும் உண்டு. பின்னாடியிலேருந்து தள்றதும் முன்னாடியிலேருந்து இழுக்கிறதும் நேர்கோட்டுல கூட்டல் தான், ஆனா ஒரு வித்தியாசம் இருக்கு. முன்னாடி இழுக்கிறப்ப வண்டி கொஞ்சம் கோணலாப் போனாலும் வடம் அதைத் தன் பக்கம் இழுத்து நேராக்கப் பாக்கும். பின்னாடி ஒரு ஓரத்துல தள்ளினா கோணல் இன்னும் கோணலாகும். அதனால புல்டோசர் தள்ற தேருக்கும் முன்னாடி வடம் விறைப்பா இருக்கிறது நல்லது, வெறும் சம்பிரதாயம்னு ஒதுக்க முடியாது. பிரேக் விஷயமும் அப்படித் தான், சக்கரம் சுத்துறதை பிரேக் நிறுத்தும், தேர் எந்தப் பக்கம் போகணும்னு அது சொல்லாது, முட்டுக்கட்டைக்கு இன்னும் வேலை இருக்கு.

கடைசியா சாயுற விஷயம். 96 அடி உசரத்தைப் பாத்தா காத்தடிச்சா விழுந்துடுமோன்னு பயம் வரும். கணக்குப் போட்டா அப்படி இல்ல. மணிக்கு 40 கிலோமீட்டர் காத்து ஒரு சதுர மீட்டருக்கு ஏழெட்டு கிலோ அளவுக்குத் தான் தள்ளும், அலங்காரத் துணி 150 சதுர மீட்டர் காட்டுதுன்னு வெச்சாலும் ஒரு டன்னைச் சுத்தி, அது 15 மீட்டர் உசரத்துல தள்ளுதுன்னா திருப்புத்திறன் 15 டன்-மீட்டர். அதை எதிர்த்து நிக்கிறது 300 டன் எடை, சக்கரத்துலேருந்து நடுக்கோடு ரெண்டரை மூணு மீட்டர்னா 750-க்கு மேல. பக்கத்துலயே வர முடியாது. மேல இருக்கிற 66 அடியும் மூங்கிலும் துணியும், கனமான மரவேலை எல்லாம் கீழ 30 அடியில, அதனால ஈர்ப்பு மையம், அதாவது மொத்த எடையும் ஒரே புள்ளியில இருக்கிற மாதிரி நினைச்சுக்கிற இடம், நாம கண்ணால நினைக்கிறதை விட ரொம்பக் கீழ இருக்கு.

ஆபத்து சின்ன ஊர்த் தேருங்களுக்குத் தான். அகலம் ஆறடி, அலங்காரம் முப்பது அடின்னு ஒல்லியா உசரமா இருக்கும். ஈர்ப்பு மையம் 3 மீட்டர் உசரத்துல, ஒரு பக்கச் சக்கரம் நடுவுலேருந்து 90 சென்டிமீட்டர்ல இருந்தா 17 டிகிரி சாஞ்சாலே எடையோட கோடு சக்கரத்துக்கு வெளிய போயிடும், அப்புறம் அதுவரைக்கும் தேரை நிக்க வெச்ச அதே எடை தான் தேரைக் கவுக்கும். ஒரு பக்க அச்சு முறிஞ்சு அரை மீட்டர் இறங்கினா அந்த அகலத்துக்கு 15 டிகிரிக்கு மேல சாய்வு வந்துடும், மிச்சம் ஒண்ணு ரெண்டு டிகிரி தான், அந்த நேரம் வடத்துல இருக்கிறவங்களுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு தெரியாம இழுத்துக்கிட்டே இருப்பாங்க, அந்த ஒண்ணு ரெண்டு டிகிரிக்கு அதுவே போதும். 2022 ஜூன்ல தர்மபுரி மாவட்டத்துல ஒரு கோயில் தேர் அச்சு முறிஞ்சு சாஞ்சதுல 2 பேர் இறந்தாங்க. பெரிய தேருங்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் போட்டதைப் பெருமையாச் சொல்றாங்க, எனக்கு அதை விட இரும்பு அச்சு போட்டது தான் பெரிய வேலையாத் தெரியுது. புதுத் தேர் செஞ்சு வெள்ளோட்டம் விடுறப்ப மேல மூங்கில் கட்டாம வெறும் மரத்தேரை மட்டும் ஓட்டிப் பாத்தா அச்சுக்கு முழு எடையும் ஏறல, ஈர்ப்பு மையமும் மேல போகல, அந்த ஓட்டம் நல்லா போச்சுங்கிறதை வெச்சு திருவிழா அன்னைக்கு ஓடப்போற தேரைப் பத்தி ஒண்ணும் சொல்ல முடியாது.